ரெண்டிலும் நாலிலும் தட்டுங்கள்: மூத்த சோல் பாடகர்களின் கச்சேரிக்குப் போகுமுன்

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சர்ச் பாட்டிலிருந்து வளர்ந்த இசை. அந்தக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்குமுன் போஸ்டரை நிதானமாகப் படியுங்கள். தெரிந்த பெயரைப் பார்த்ததும் கை கிரெடிட் கார்டைத் தேடும். ஏமாற்றம் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1960களில் கொடிகட்டிப் பறந்த குழுக்களில் பலவற்றுக்குப் பெயர்தான் நிரந்தரம், ஆட்கள் வந்து போனவர்கள். ட்ரிஃப்டர்ஸ் குழுவின் பெயர் அதன் மேலாளர் ஜார்ஜ் ட்ரெட்வெல் கையில் இருந்தது. பாடியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் மாதிரிதான். 1958ல் அவர் மொத்தக் குழுவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறொரு குழுவைக் கூட்டிவந்து அதே பெயரைச் சூட்டினார். வெளியே போனவர்கள் பிற்பாடு ஆளுக்கொரு ட்ரிஃப்டர்ஸ் நடத்தினார்கள். இந்தக் குழப்பம் எல்லாக் குழுக்களிலும் பெருகியதால்தான் அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதற்கென்றே சட்டம் போட்டன. பழைய இசைத்தட்டில் பாடியவர் ஒருவராவது மேடையில் இருக்க வேண்டும், அல்லது பெயரின் உரிமை கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இது அஞ்சலி நிகழ்ச்சி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். சுப்ரீம்ஸ் குழுவின் மேரி வில்சன் இந்தச் சட்டத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்.

ஆகவே போஸ்டரில் சின்ன எழுத்தைப் பாருங்கள். ‘ட்ரிப்யூட்’, ‘தி மியூசிக் ஆஃப்’ என்று இருந்தால் மேடையில் இருக்கப்போவது வேறு ஆட்கள். ‘ஃபீச்சரிங்’ என்று போட்டு ஒரே ஒருவர் பெயர் இருந்தால், அவர் எந்த வருடம் குழுவில் சேர்ந்தார் என்று தேடிப் பாருங்கள். 1964ல் பதிவான பாட்டுக்காகப் போகிறீர்கள், அவர் சேர்ந்தது 1983 என்றால், அது தெரிந்து போவது நல்லது. போஸ்டரில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் இருந்து, இன்றைய முகம் ஒன்றுகூட இல்லையென்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இதற்காக, அசல் ஆட்கள் இல்லாத குழு எல்லாம் போலி என்று தள்ளிவிடவும் வேண்டாம். டெம்ப்டேஷன்ஸ் குழுவை 1960களின் தொடக்கத்தில் அமைத்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர் ஓடிஸ் வில்லியம்ஸ் ஒருவர்தான்; பிறந்தது 1941. ஃபோர் டாப்ஸ் அதற்கு நேர்மாறு. நால்வரும் 1950களில் சேர்ந்தவர்கள், 1997ல் ஒருவர் இறக்கும்வரை ஆள் மாறவே இல்லை. கடைசியாக மிஞ்சிய ட்யூக் ஃபக்கீர் 2024 ஜூலையில் காலமானார். (அவருடைய முழுப்பெயர் அப்துல் ஃபக்கீர். அப்பா இன்றைய வங்காளதேசப் பகுதியிலிருந்து டெட்ராய்ட்டுக்குப் போனவர். டெட்ராய்ட்டின் புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் வரலாற்றில் நம் பக்கத்து ரத்தமும் கொஞ்சம் ஓடுகிறது.) இப்போது அந்தக் குழுவில் மறைந்த லாரன்ஸ் பேட்டனின் மகன் பாடுகிறார். அப்பாவின் பாகத்தை மகன் பாடுவதைக் கேட்பதற்குத் தனியாக ஒரு ருசி உண்டு. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

எண்பது வயதில் எதற்கு இப்படி ஊர் சுற்றிப் பாட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டின் மேல் உள்ள ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெறும் கணக்கு. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. மோடவுனின் பெரிய வெற்றிகளில் பலவற்றை எழுதியது ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் என்ற மூவர் அணி, பாடியது வேறு குழுக்கள். அறுபது வருடமாக வானொலியில் ஓடும் பாட்டிலிருந்து பாடியவர் வீட்டுக்கு ஒன்றும் வராமல் இருக்கலாம். செயற்கைக்கோள் வானொலியிலும் இணைய வானொலியிலும் பாடியவருக்குச் சட்டப்படி பங்கு உண்டு என்றாலும், 1972க்கு முந்தைய பதிவுகள் அந்தச் சட்டத்துக்குள் வந்தது 2018ல்தான். எனவே மேடைதான் வருமானம். மறைந்த பாடகி அரேதா ஃபிராங்க்ளின் சம்பளத்தை ரொக்கமாக முன்பே வாங்கிக் கைப்பையில் வைத்து, அந்தப் பையைக் கண்ணில் படும்படி மேடைக்கே எடுத்துப் போவாராம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஏமாந்த தலைமுறையைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது சிரிக்கும் விஷயமாக இருந்திருக்காது.

சரி, டிக்கெட். முதல் வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். பெரிய ஸ்பீக்கர்கள் உங்கள் தலைக்கு மேலாகப் பின்னால் இருப்பவர்களைக் குறிவைத்திருக்கும். முன்வரிசையில் உங்களுக்குக் கேட்பது டிரம்ஸ், கிடார் பெட்டிகளின் நேரடி ஓசை. பாடுபவரின் குரல் அதற்குள் முங்கிப் போகும். ஓரத்து இருக்கை என்றால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் காதில் அறையும். பால்கனிக்குக் கீழே ஒதுங்கிய கடைசி வரிசைகளில் பேஸ் (கீழ் ஒலி) குமுறும், சொற்கள் மழுங்கும். அரங்கத்தின் நடுவில், சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸரோடு உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலோ, அதற்குச் சற்று முன்னாலோ எடுங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் ஒலியை அமைக்கிறார். நீங்கள் அவர் காதை இரவல் வாங்குகிறீர்கள். முகபாவம் பார்க்க வேண்டும் என்றால் ஒரு சின்ன பைனாகுலர் போதும்.

அரங்கத்தின் குணமும் முக்கியம். நாஷ்வில்லின் ரைமன் அரங்கம் 1892ல் பிரார்த்தனைக் கூடமாகத் திறந்தது. இன்றும் மர பெஞ்சுகள்தான். குரல் அங்கே தேனாக இறங்கும், இடுப்புதான் பிடிக்கும். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் பெரிய நீள்வட்டம். எதிரொலியை அடக்க 1969ல் கூரையிலிருந்து காளான் வடிவத் தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். அப்படியும் டிரம்ஸும் பித்தளைக் கருவிகளும் சேர்ந்து முழங்கும் இசைக்கு அது சுலபமான இடமில்லை. நியூயார்க்கில் ஹார்லெமின் அப்பல்லோ சுமார் 1500 பேர் கொள்ளும் அரங்கம். சோல் இசைக்கு இந்த அளவு பொருத்தம். இருபதாயிரம் பேர் திடலில் பார்ப்பதை ஒப்பிட்டால் இது வேறு கலை. அமெரிக்காவில் இந்த மூத்தவர்கள் நிறையப் பாடுவது கசினோ அரங்குகளில்; பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைத்தால் 21 வயது கட்டுப்பாடு இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

நேரக்கணக்கு இப்படி இருக்கும். கதவு ஏழு மணிக்கு, நிகழ்ச்சி எட்டு என்றால், எட்டுக்கு வருவது வேறொருவர். அவருக்கு முப்பது, நாற்பது நிமிடம். பிறகு இருபது நிமிட இடைவேளை. நீங்கள் பார்க்க வந்தவர் மேடையேறும்போது ஒன்பதை ஒட்டியிருக்கும். பாடுவது 75 முதல் 90 நிமிடம். இதில் ‘குறைச்சல்’ என்று முணுமுணுக்க ஒன்றுமில்லை. நின்றுகொண்டு, உச்ச சுருதியில், பித்தளைக் கருவிகளை எதிர்த்து ஒன்றேகால் மணி நேரம் பாடுவது எந்த வயதிலும் கடினம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காட்சி இருந்தால் அதை எடுங்கள் என்பது என் கட்சி. இரவில் பாடிக் களைத்த தொண்டையும் நள்ளிரவுப் பயணமும் பிற்பகலில் குறுக்கே வராது, பார்க்கிங்கிலும் நிம்மதி.

பாடகர் முதலில் வரமாட்டார். வாத்தியக்காரர்கள் வந்து பாடகர் இல்லாமலே ஒரு உருப்படி வாசிப்பார்கள். ஒரே சின்னச் சுற்றை விடாமல் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள்; இதற்கு ‘வாம்ப்’ என்று பெயர். அதன் மேல் அறிவிப்பாளர் குரல் ஏறும்: இவர் பாடி வென்ற பாட்டுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார், ஒவ்வொரு பெயருக்கும் ட்ரம்பெட்டுகள் ஒரு வெட்டு வெட்டும், சுருதி படிப்படியாக ஏறும். சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1962 அக்டோபர் 24 அன்று அப்பல்லோவில் பதிவு செய்த நிகழ்ச்சி இந்த முறையில்தான் தொடங்குகிறது. இன்றுவரை எல்லோரும் பின்பற்றும் அச்சு அது. இந்த ஐந்து நிமிடத்தில் பாப்கார்ன் வாங்கப் போகாதீர்கள். கூட்டத்தைச் சூடேற்றும் வேலை இங்கேதான் நடக்கிறது, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இனி குரல். இசைத்தட்டில் கேட்ட இருபத்திரண்டு வயதுக் குரலை எதிர்பார்த்துப் போனால் முதல் பாட்டிலேயே முகம் சுருங்கும். வயதானால் குரல்நாணின் தசை மெலிகிறது, மூச்சின் கொள்ளளவு குறைகிறது. பெண் குரல் கீழே இறங்குகிறது, ஆணின் ஃபால்செட்டோ (மெலிந்த உச்சக் குரல்) முதலில் போகிறது. அதோடு, பல மோடவுன் பாட்டுகள் எழுதும்போதே இரக்கமில்லாமல் எழுதப்பட்டவை. ஃபோர் டாப்ஸின் லெவி ஸ்டப்ஸ் பாரிடோன், அதாவது நடுத்தர ஆண் குரல்காரர். அவர் தொண்டை இழுபடும் உச்சியிலேயே பல்லவியை அமைத்தார்கள், அந்தத் தவிப்பு பாட்டுக்கு வேண்டும் என்பதற்காக. இளைஞனைத் தவிக்கவைத்த இடம் முதியவரை என்ன செய்யும்?

அதனால் சுருதியை இறக்குவார்கள். நம் வித்வான்கள் வயதானதும் கட்டையைக் குறைப்பது போலத்தான். ஆனால் இங்கே தம்புராவைத் திருகினால் வேலை முடியாது, பித்தளைக் கருவிகள் இருக்கின்றன. ஆறரைக் கட்டையில், அதாவது பி ஃப்ளாட்டில், பதிவான பாட்டை அரைக் கட்டை இறக்கி ஆறுக்குக் கொண்டுவந்தால், ட்ரம்பெட்காரரின் தாளில் ஐந்து ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி), ஆல்டோ சாக்ஸஃபோன்காரரின் தாளில் ஆறு ஷார்ப் வந்து நிற்கும். விரல் தடுக்கும். இன்னும் அரைக் கட்டை இறக்கி ஐந்தரைக்குப் போய்விட்டால் ட்ரம்பெட்டுக்கு இரண்டே ஃப்ளாட் (இறக்கும் குறி), ஆல்டோவுக்கு ஒன்று. பித்தளை வரிசை தடுமாறும் கச்சேரிகளில் காரணம் பல சமயம் இதுவே: உள்ளூர் வாத்தியக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, மாற்றிய சுருதித் தாளை அன்று மதியம்தான் கையில் கொடுத்திருப்பார்கள். சொந்தக் குழுவோடு பயணம் செய்யும் பாடகர் என்றால் இந்தப் பிரச்சினை அநேகமாக இருக்காது. டிக்கெட் விலையைவிட இந்த ஒரு விவரம்தான் அன்றைய இரவின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

உச்ச ஸ்வரங்களுக்கு வேறு உபாயம் உண்டு. பல்லவி மேலே ஏறும் இடத்தில் பின்பாட்டுக்காரர்கள் முன்னால் வருவார்கள். பாடகர் ஒரு சொல்லை மட்டும் உறுமலாகப் போட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். மேடை விளிம்பில் வரிகள் ஓடும் திரையும் இருக்கலாம், நடுப்பாட்டில் நாற்காலியும் வரலாம். நூற்றுக்கணக்கான பாட்டு பாடியவருக்கு வரி மறப்பது சாதாரணம். இதையெல்லாம் கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லி மகிழ்வது அற்ப வேலை.

பாட்டின் நீளம் விஷயத்தில் இரண்டு ஆச்சரியங்கள் காத்திருக்கும். ஒன்று, உங்களுக்கு உயிரான பாட்டு நாற்பது வினாடியில் முடிந்துபோகலாம். வெற்றிப் பாட்டு முப்பது வைத்திருப்பவர் 75 நிமிடத்தில் என்ன செய்வார்? ஏழெட்டைக் கோத்து மெட்லியாக்கி, ஒரு சரணம் ஒரு பல்லவி என்று தாண்டிப் போய்விடுவார். இரண்டாவது, மூன்று நிமிடப் பாட்டு ஒன்பது நிமிடம் ஓடலாம். அந்தக் காலத்து 45 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை இரண்டரை, மூன்று நிமிடத்தில் ஒலி தேய்ந்து மறையும்படி முடிந்தன. அதாவது பாட்டுக்கு முடிவென்று ஒன்று எழுதப்படவே இல்லை. மேடையில் ஒலியைத் தேய்க்க முடியாது. அந்தக் கடைசிச் சுற்றையே வாம்பாக்கி, கூட்டத்துக்குள் இறங்கி, கை குலுக்கி, திரும்பி ஏறி, பிறகு டிரம்மரைப் பார்த்துக் கையை வெட்டுவார்கள். தட்டில் தேய்ந்து மறைந்த இடம்தான் மேடையில் பாட்டு பூக்கும் இடம்.

கீபோர்டுப் பக்கமும் காதைக் கொடுங்கள். ஹாமண்ட் பி-3 ஆர்கனும் அதோடு வரும் லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டியும் சர்ச்சிலிருந்து சோலுக்கு வந்த சொத்து. லெஸ்லி பெட்டிக்குள் ஒலிக்குழல் உண்மையாகவே சுழலும். மெதுவாகச் சுழன்றால் ஓசை அலையாடும், வேகமாகச் சுழன்றால் படபடக்கும். பாடுபவர் உச்சிக்கு ஏறும்போது ஆர்கன்காரர் ஒரு சின்ன ஸ்விட்சைத் தட்டுவார். உடனே வேகம் மாறாது, ஓரிரு வினாடி எடுத்து ஏறும். அந்த ஏற்றத்தில்தான் கூட்டம் தன்னறியாமல் எழுந்து நிற்கும். அசல் பி-3 இருக்கை, பெடலோடு கிட்டத்தட்ட 190 கிலோ. அதனால் பயணக் குழுக்கள் பெரும்பாலும் அதைப்போல ஒலிக்கும் மின்னணுக் கருவியையே கொண்டுவருகின்றன. லெஸ்லி பெட்டி மட்டுமாவது அசலாக இருந்தால் அதிர்ஷ்டம்.

நம்மவர்கள் சறுக்கும் இடம் கைத்தட்டு. ஆதி தாளத்தில் வளர்ந்த கை முதல் அட்சரத்தில் தானாக விழும். சோலில் நாலு எண்ணிக்கை. தட்டு விழுவது ரெண்டிலும் நாலிலும். டிரம்மரின் ஸ்னேர் (சட்டென்று அறையும் சின்ன டிரம்) அங்கேதான் அடிக்கிறது. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் வாசித்த அல் ஜாக்சன் ஜூனியர் அந்த அடியையும் நூலிழை தாமதமாக வைப்பார். பாட்டு அவசரமில்லாமல் சாய்ந்து நடப்பது அதனால். ஆயிரம் பேர் ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் டிரம்மருக்கு அது காற்றை எதிர்த்து நடப்பது மாதிரி. பியானோ வாசித்துப் பாடும் ஹாரி கானிக் ஜூனியர் ஒரு கச்சேரியில் கூட்டம் தப்பாகத் தட்டியபோது, நடுவில் ஓர் அட்சரத்தைக் கூடுதலாக வாசித்து, யாருக்கும் தெரியாமல் எல்லோரையும் சரியான இடத்தில் கொண்டுவந்து விட்டார். எல்லோராலும் அது முடியாது, நாமே பழகிக்கொள்ளலாம். வலது கால் ஒன்றில், தட்டு ரெண்டில், இடது கால் மூன்றில், தட்டு நாலில். கால் முதலில், கை அடுத்து. வீட்டில் பத்து நிமிடம் செய்தால் உடம்பில் ஏறிவிடும். மோடவுனின் சில பாட்டுகளில் ஸ்னேர் நாலு எண்ணிக்கையிலும் விழும். அங்கே எப்படித் தட்டினாலும் தப்பில்லை.

மெதுவான பாட்டு வரும்போது எண்ணிக்கை உள்ளே மூன்றாகப் பிரியும்: தகிட தகிட தகிட தகிட. நம் திஸ்ர நடைதான். ஸ்னேர் இரண்டாவது, நான்காவது ‘தகிட’வின் தலையில். இந்தப் பாட்டுகளுக்காகத்தான் மூத்த பாடகர்களிடம் போவது. கவனித்துப் பாருங்கள். ஆர்கன் ஒரு ஸ்வரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டிரம்மர் குச்சியைப் படுக்கவைத்து விளிம்பில் மட்டும் டொக் டொக் என்பார். பாடகர் பாட ஆரம்பிக்காமல் பேசுவார். காதலைப் பற்றி, விட்டுப்போனவரைப் பற்றி, வாடகை கட்டாததைப் பற்றி. ஐசக் ஹேஸ் 1969ல் ஒரு பாட்டை 18 நிமிடத்துக்கு மேல் பதிவு செய்தார். அதில் பாதியை ஒட்டிய பகுதி பேச்சுதான். பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கியது என்று தெரியாது. பேஸ்காரரின் கண் பாடுபவரின் இடது கையிலேயே இருக்கும். விரல் அசைந்தால்தான் அடுத்த ஸ்வரக்கூட்டு. முதல் வரி கிட்டத்தட்ட உரைநடையாக, தாளத்துக்குப் பின்னால் இழுபட்டு வரும். இளமையில் ஒரே மூச்சில் பாடிய வரி இப்போது இரண்டாக உடையும். எந்தச் சொல்லுக்கு முன்னால் உடைக்கிறார் என்பதுதான் வித்தை: மூச்சுக்காக நின்றாரா, அந்தச் சொல்லைச் சொல்ல மனம் வராமல் நின்றாரா என்று கேட்பவருக்குப் புரியக் கூடாது. குரல் இருந்த காலத்தில் இந்த நிறுத்தம் தேவைப்படவில்லை. இப்போது பாட்டின் கனமே அதில்தான் இருக்கிறது.

இந்த இடங்களில் கூட்டம் வாய் பேசும். ‘டேக் யுவர் டைம்’, ‘சிங் இட்’, ‘வெல்!’ என்று இருட்டிலிருந்து குரல்கள் வரும். கர்நாடகக் கச்சேரியில் ‘சபாஷ்’, ‘பலே’ மாதிரி என்றாலும், இது சர்ச்சில் பிரசங்கிக்குச் சபை பதில் சொல்லும் பழக்கத்திலிருந்து வந்தது. அரேதாவின் அப்பா சி. எல். ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டில் பெரும் பிரசங்கி. மகள் பாடக் கற்றது அந்தச் சபையில். பதில் வராவிட்டால் பாடுபவர் அடுத்த வரிக்குப் போகத் தயங்குவார், கேள்வி அந்தரத்தில் தொங்கும். கைகட்டி மரியாதையாக உட்கார்ந்திருப்பது இங்கே மரியாதையே இல்லை. அதற்காக வரிக்கு நடுவில் கத்தவும் வேண்டாம். வரி முடிந்த இடைவெளியில் சொல்லுங்கள். கறுப்பின மக்கள் அதிகம் வரும் கச்சேரிகளில் பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துவது போல நன்றாக உடுத்தி வருவார்கள். கிழிந்த ஜீன்ஸில் போனால் யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள், உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

நாடகமும் உண்டு, அதை நாடகமாகவே ரசிக்க வேண்டும். ஜேம்ஸ் பிரவுன் இருந்தவரை, மேடையில் மண்டியிட்டு விழுவார். அறிவிப்பாளர் டேனி ரே வந்து தோளில் அங்கியைப் போர்த்தி அழைத்துப் போவார். நாலடி போனதும் அங்கியை உதறிவிட்டு மைக்கிடம் ஓடிவருவார். ஒவ்வொரு இரவும் இதேதான், கூட்டத்துக்கும் தெரியும். அதே மாதிரி, பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டும்போது டிரம்மர் மறுபடி பிடிப்பார். பாடகர் மேடையைவிட்டுப் போன பிறகும் வாம்ப் ஓடிக்கொண்டிருந்தால் கோட்டை எடுக்காதீர்கள். அரங்க விளக்கு எரியும்வரை எதுவும் முடியவில்லை.

நியூ ஆர்லின்ஸில் ஐர்மா தாமஸ் (பிறப்பு 1941) பாடுகிறார் என்றால் வெள்ளைக் கைக்குட்டை ஒன்று பையில் இருக்கட்டும். அந்த ஊரின் செகண்ட் லைன் ஊர்வலத் தாளம் தொடங்கியதும் கூட்டம் முழுக்கக் கைக்குட்டையைத் தலைக்கு மேல் சுழற்றும். மறந்தவர்கள் டிஷ்யூ காகிதத்தை ஆட்டிச் சமாளிப்பார்கள். மெம்ஃபிஸ் போகிறவர்கள் பாடகர் அல் கிரீன் 1976ல் தொடங்கிய தேவாலயத்துக்கு ஞாயிறு காலை போவதுண்டு. அவர் அன்று இருப்பார் என்று உறுதியில்லை. இருந்தாலும் அது வழிபாடு. பழைய காதல் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கக் கூடாது, காணிக்கைத் தட்டு வந்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பக் கூடாது, பாதியில் எழுந்து வரக் கூடாது.

தப்பாகப் போகக்கூடியவை சில. முதலாவது ரத்து. இந்த வயதில் ஒரு சளி போதும். விமானம், ஹோட்டல் இரண்டையும் பணம் திரும்பக் கிடைக்கும்படி எடுங்கள். ‘ஒத்திவைப்பு’ என்று மின்னஞ்சல் வந்தால் அதை முழுவதும் படியுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு கெடு தேதி இருக்கும், அது கடந்தால் பழைய டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும் என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். அடுத்தது ஒலி. முதல் இரண்டு பாட்டில் குரல் முங்கியே இருக்கும். காலி அரங்கில் மதியம் சரிபார்த்த ஒலி, ஆட்கள் நிறைந்ததும் மாறிவிடுகிறது. உடம்பும் துணியும் மேல் அதிர்வெண்களை உறிஞ்சிக்கொள்ளும். மூன்றாவது பாட்டில் சரியாகிவிடும், பொறுங்கள். திறந்தவெளி என்றால் வெயிலில் பித்தளைக் கருவிகளின் சுருதி ஏறும், காற்று அடிக்கும் பக்கம் ஒலி சாயும். அரங்கம் புழுங்கினால் மேலாளரைத் திட்டப் போகாதீர்கள்: குளிர்காற்று தொண்டையை உலர்த்தும் என்று ஏசியை நிறுத்தச் சொல்லும் பாடகர்கள் உண்டு. அரேதா அதில் கறாராக இருந்தவர். கையில் ஒரு விசிறி இருந்தால் போதும்.

காதும் முக்கியம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிடம். பித்தளை வரிசையும் ஸ்னேரும் இருக்கும் மூடிய அரங்கில் 100ஐத் தொடுவது சாதாரணம். பஞ்சு மாதிரியான மஞ்சள் அடைப்பான் உயர்ந்த ஒலிகளை அதிகம் விழுங்கிவிடும், சொற்கள் போய்விடும். இசைக்கென்று வடிகட்டியோடு வரும் அடைப்பானை வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் தணிக்கும்.

கடைசியாக வாசலில் இருக்கும் விற்பனை மேசை. இசைத்தட்டு, டி-ஷர்ட் எதுவாக இருந்தாலும் இடைவேளையிலேயே வாங்குங்கள்; முடிந்ததும் வரிசை நீளும், உங்கள் அளவும் தீர்ந்துபோகும். வானொலிக் கணக்கை மேலே சொன்னேன். இந்த மேசையில் விழும் பணத்தில் பாடுபவருக்குப் பங்கு இருக்கும். சிறிய அரங்குகளில் சிலர் வெளியே வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். தொண்ணூறு நிமிடம் பாடிய தொண்டை. கதை பேசாமல், எந்தப் பாட்டு பிடித்தது என்று ஒரு வரி சொல்லுங்கள். பழைய எல்.பி. கொண்டுபோனால் தட்டை வீட்டில் வைத்துவிட்டு அட்டையை மட்டும் எடுத்துப் போங்கள். கறுத்த அட்டைக்கு வெள்ளி நிற மார்க்கர், வெளுத்த அட்டைக்குக் கறுப்பு. இரண்டையும் நீங்களே வைத்திருங்கள். பளபளப்பு அட்டை என்றால் விரல் எண்ணெய் பட்ட இடத்தில் மை ஒட்டாது, உலர்ந்த துணியால் முன்பே துடைத்துவிடுங்கள். கையெழுத்தான பிறகு ஐந்து நிமிடம் மை காயவிட்டுத்தான் பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டும்.